வரத்துக்கு எல்லை வைப்பது யார்?

1980இல் அமெரிக்காவில் ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ என்றொரு மேசை விளையாட்டுப் புத்தகம் வெளிவந்தது. எழுதியவர்கள் ஜேம்ஸ் வார்டும் ராபர்ட் குன்ட்ஸும். உலகத்துத் தெய்வங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எத்தனை அடி தாங்கும், கவசம் எவ்வளவு, ஒரு வீச்சில் எவ்வளவு சேதம் செய்யும் என்று எண் போட்டிருந்தார்கள். இந்தியத் தெய்வங்களுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு: இந்திரன், வருணன், காளி, விஷ்ணு, கூடவே கார்த்திகேயன். எண் போட்டாகிவிட்டால் கணக்குத் தெரிந்தவன் கொன்றும் விடலாம். அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தெய்வ வேட்டைக்குக் கிளம்பியவர்களைப் பற்றி அந்த ஆட்டக்காரர்கள் இன்றும் கேலி பேசுவார்கள்.

அதே கார்த்திகேயனின் கதிர்காமம் ஊவா மாகாணத்தில், மொனராகலை மாவட்டத்தில் இருக்கிறது. பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து போகிறவர்கள் அங்கே சிலையைப் பார்ப்பதில்லை, திரையைத்தான் கும்பிடுகிறார்கள். திரைக்குப் பின்னால் போகும் உரிமை பூசகரான கப்புறாளைக்கு. தீமிதிக்கிறவர் விரதம் காத்திருக்க வேண்டும். எண் எங்கும் கிடையாது. ஆனால் யார், எப்போது, எந்த நிலையில் என்ற விதிகள் கறாரானவை. மேசை விளையாட்டுக்காரர்கள் ஐம்பது ஆண்டாக முட்டி மோதும் கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. ஆட்டத்துக்குள் வரும் அமானுஷ்ய சக்தியை எதைக்கொண்டு அளப்பது, கணக்கைக் கொண்டா, ஐதீகத்தைக் கொண்டா?

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக. மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் உலகத்தைச் சொல்லி ஆட்டத்தை நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். “நான் சுவர் ஏறிக் குதிக்கிறேன்” என்று பாத்திரத்தின் சார்பில் ஒருவர் சொல்ல, முடியுமா முடியாதா என்ற ஐயம் வரும் இடத்தில் பகடை உருளும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதற்கெல்லாம் மூலம். வாள்வெட்டுக்கு விதி எழுதுவது பெரிய காரியமில்லை, வெட்டுப்பட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். மந்திரத்துக்கு எழுதும்போதுதான் சங்கடம். மந்திரவாதி வலுத்துவிட்டால் வாள்வீரனாக ஆடுகிறவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மந்திரத்தை ஒடுக்கிவிட்டாலோ, கடலையே குடித்த முனிவர் இருந்ததாகச் சொல்லப்படும் உலகத்தில் மந்திரவாதி தீக்குச்சி கிழிப்பவனாகிவிடுவான்.

கைகாக்ஸ் எடுத்த வழி, ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட ‘தி டையிங் எர்த்’ கதைகளிலிருந்து வந்தது. மந்திரவாதி மந்திரத்தை மனத்தில் ஏற்றிக்கொள்கிறான், ஒருமுறை சொன்னதும் அது மறந்துபோகிறது. வான்ஸின் அந்திமக்காலப் பூமியில் அந்த மறதி கதையோடு ஒட்டிய விஷயம். ஆட்டத்தில் எல்லா உலகங்களுக்கும் அதையே பொருத்தியபோது காரணம் உதிர்ந்து கணக்கு மட்டும் மிஞ்சியது. 2008இல் வந்த நான்காம் பதிப்பு இந்தக் கணக்கை அதன் எல்லைவரை கொண்டுபோயிற்று. வாள்வீரன், மந்திரவாதி, பூசாரி எல்லோருக்கும் திறமைகள் ஒரே அச்சு: எப்போதும் செய்யலாம், சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. சமன் கச்சிதமாக வந்தது. ஆனால் யார் என்ன செய்தாலும் ஒன்றுபோலவே இருக்கிறது என்ற முணுமுணுப்பும் கூடவே வந்தது. 2014இன் ஐந்தாம் பதிப்பு பாதி வழி பின்னால் திரும்பியது. 1986இல் வந்த ‘கர்ப்ஸ்’ போல எல்லாச் சக்திக்கும் புள்ளிக்கணக்கில் விலைப்பட்டியல் போட்ட ஆட்டங்களும் உண்டு. விலைப்பட்டியலைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஐதீகத்தின் பக்கத்திலிருந்து தொடங்கியவர்கள்தான் எனக்குச் சுவையாகப் படுகிறார்கள். கிரெக் ஸ்டாஃபோர்டு கற்பனை செய்த க்ளோராந்தா உலகம் 1978இல் ‘ரூன்குவெஸ்ட்’ ஆட்டமாக வந்தது. அங்கே தெய்வங்கள் தங்களுக்குள் போரிட்டு உலகத்தையே அழிக்கப்போய், கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. அதன்பின் காலத்துக்குள் இறங்கி நேரடியாக எதையும் செய்ய அவற்றால் முடியாது, அடியார் கையால்தான் செய்ய வேண்டும். தெய்வம் ஏன் வந்து காப்பாற்றவில்லை என்ற கேள்விக்கு விடை, அந்த உலகம் பிறந்த கதையிலேயே கிடைத்துவிடுகிறது. சாண்டி பீட்டர்சனின் ‘கால் ஆஃப் கதுலு’ (1981) ஆட்டத்தில் மந்திரம் கற்கக் கற்கப் புத்தி பேதலிக்கும். ‘மேஜ்: தி அசென்ஷன்’ (1993) ஆட்டத்தில் சாதாரண மனிதர் கண்ணெதிரே நடக்க முடியாததை நடத்திக்காட்டினால், உலகம் அதை ஏற்காமல் செய்தவனையே திருப்பி அடிக்கும். எங்கும் எண் இருக்கிறது, ஆனால் எண்ணுக்கு முன்னால் ஒரு காரணம் நிற்கிறது.

காரணம் ஊரைவிட்டுப் போய்விட்டால் நடக்கும் கூத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1977இன் ‘மான்ஸ்டர் மேனுவல்’ புத்தகத்தில் அரக்கர் உண்டு, ராட்சசர் என்ற பெயரிலேயே. அவர்களைக் கொல்லும் வழி, பாதிரியார் ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு. இராமாயணத்தில் எங்கே இருக்கிறது இது என்று தேட வேண்டாம். 1974ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றிலிருந்து இறங்கிய சரக்கு அது. எல்லவில் இராவணன் பெயரில் அருவியும் குகையும் வைத்திருக்கும் பதுளை மாவட்டத்துக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்துக்கொள்ளலாம்.

இராவணனையே எடுத்துக்கொண்டால், வரம் என்பது எழுதி முடித்த விதி. தேவர், அசுரர், யட்சர் யாராலும் சாவில்லை என்று கேட்டவன் மனிதரைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவன் இறுமாப்பே அவன் விதியின் ஓட்டை. இரணியனின் வரத்திலும் இதே வக்கீல் புத்தி, பகலிலும் இல்லை இரவிலும் இல்லை, உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை. இதில் ஆட்டம் எழுதுகிறவர்கள் படிக்க வேண்டியது பஸ்மாசுரனைத்தான். யார் தலையில் கைவைத்தாலும் சாம்பலாவார் என்று எல்லையே இல்லாமல் வரம் கொடுத்தவர் முதல் வேலையாகத் தானே ஓட வேண்டியிருந்தது. கர்ணனிடமிருந்த இந்திரனின் வேல் ஒரே ஒருமுறைக்கு. அருச்சுனனுக்கென்று வைத்திருந்ததைக் கடோற்கசன் மேல் எறிய வைக்கிறது பாரதப்போரின் பதினான்காம் நாள் இரவு. ஏன் இரவு? அரக்கர் வலிமை இரவில் பெருகும் என்பதால். ஒருமுறை மட்டும் என்ற எண்ணும், இரவில் வலுக்கும் என்ற ஐதீகமும் ஒன்றையொன்று பிடித்திழுக்கும் இந்த இடத்தைவிடச் சிறந்த ஆட்ட விதியை நான் எங்கும் பார்த்ததில்லை.

ஊவாவின் சிங்கள ஐதீகமும் இந்தக் கேள்வியை நன்றாக அறிந்தது. மஹியங்கனை இன்றைய பதுளை மாவட்டத்துக்குள் வருகிறது. புத்தர் முதன்முறை இலங்கை வந்து, இங்கே திரண்டிருந்த யக்கர்களை அச்சுறுத்திக் கிரிதீபம் என்ற தீவுக்கு அனுப்பினார் என்கிறது மகாவம்சம். அதே மகாவம்சத்தில், விசயன் கரையிறங்கும்போது குவேனியும் அவள் யக்கர்களும் தயாராக நிற்கிறார்கள். விரட்டியவர்கள் எப்படித் திரும்பினார்கள்? முன்னால் எழுதியதற்கும் பின்னால் எழுதியதற்கும் பொருத்தம் பார்க்கும் தலைவலி மேசை விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும் உரியதில்லை.

நாட்டார் சடங்கு இந்த முரணைச் சாமர்த்தியமாகக் கடந்துவிட்டது. பேயோட்டும் தொவில் சடங்கின் நம்பிக்கையில் யக்குகள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் தங்கள் அரசன் வெசமுனியின் அனுமதிக்குள் இருக்கிறார்கள். பார்வையால் நோய் தரலாம், காணிக்கை வாங்கலாம். அனுமதித்த நேரமும் அனுமதித்த அளவும் தாண்டக் கூடாது. விடியும் தறுவாயில் பதினெட்டு சன்னி யக்குகளும் முகமூடியோடு வந்து கேலிக்கு ஆளாகி அடங்குவார்கள். புரூஸ் காப்ஃபெரர் தென்னிலங்கையில் ஆய்ந்து 1983இல் எழுதிய நூல் இதை விரிவாகச் சொல்கிறது. யக்கு எவ்வளவு பலசாலி என்று அந்தச் சடங்கில் யாரும் கேட்பதில்லை. யாருடைய உத்தரவில் வந்தாய் என்பதுதான் கேள்வி.

தோட்டத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் மதுரைவீரனையும் கூட்டிவந்தார்கள். வந்த இடத்தில் சாமிகளும் வேலை மாற்றிக்கொண்டன. தேயிலை ஸ்டோரில் இயந்திரத்தோடு நிற்கும் ரோதைமுனி எந்தப் புராணத்திலும் இல்லாதவர். அவர் எல்லை அந்த ஸ்டோர், அவர் பொறுப்பு இயந்திரத்தில் கை போகாமல் பார்ப்பது. பக்கத்து மலையில் அவருக்கு அதிகாரமில்லை, அங்கே வேறொரு முனி, வேறொரு கல், வேறொரு சூலம். சக்தியை எண்ணால் குறைக்காமல் இடத்தால் குறைத்திருக்கிறார்கள். கற்பனை உலகம் கட்டுகிறவர்கள் தெய்வங்களுக்குத் துறை பிரித்துக் கொடுப்பதுண்டு: போர், காதல், கடல். டிவிஷன் பிரித்துக் கொடுத்தவர்கள் தோட்டத்துச் சனங்கள்தான்.

தோட்டத்தில் பேயோட்டும் கோடாங்கியின் வேலையைப் பாருங்கள். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் பழைய பதிப்புகளில் பேயை விரட்டப் பூசாரியாக ஆடுபவர் பகடை உருட்டி ஓர் அட்டவணையைப் பார்ப்பார். எண் வந்தால் பேய் ஓடும். கோடாங்கி உடுக்கை எடுத்து முதலில் பேர் கேட்பார். எந்த நம்பர் மலையில், எந்த நேரத்தில் பிடித்தாய் என்று கேட்பார். அடுத்து என்ன வேண்டும்? சேவலா, சுருட்டா, சாராயமா? பேய் நிறையக் கேட்கும், கோடாங்கி குறைப்பார். முழுக்க முழுக்கப் பேரம். பேயின் வலிமையும் கோடாங்கியின் வலிமையும் மோதுவதில்லை. கடன் கணக்குத் தீர்க்கப்படுகிறது. ஆட்டமாக எழுதினால், ஒரே பகடை வீச்சில் முடியும் காட்சி அரைமணி நேர உரையாடலாக மாறும், அதிலே பகடைக்கு இடம் மிகக் கொஞ்சம்.

பகடையே கூடாது என்று இந்த மரபு சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலம் கட்டிச் சாமி முன் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்வது எதற்கு? இரண்டு பக்கமுள்ள பகடைதான் அது. வித்தியாசம் அதைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டில். எந்தப் பூவுக்கு எந்த விடை என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், எடுப்பது விவரமறியாத பிள்ளையாக இருக்க வேண்டும், பிடிக்காத விடை வந்ததென்று உடனே மறுபடி போட்டுப் பார்ப்பது மரியாதையில்லை. முனிக்கு வெட்டும் ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தலை சிலிர்க்கிறதா என்று பார்க்கும் இடத்தில் மட்டும் சனங்கள் கொஞ்சம் தாராளம். சிலிர்க்காவிட்டால் இன்னொரு சொம்பு ஊற்றுவார்கள், அதற்கும் அசையாவிட்டால் இன்னொன்று. ஆட்டக்காரர்களின் கள்ளம் எங்கும் ஒன்றுதான்.

மாசியில் காமன் நட்டுத் தொடங்கும் காமன் கூத்து இந்தக் கேள்வியின் உச்சம். கதை தெரிந்ததே. தவத்தில் இருக்கும் சிவனை எழுப்பத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள், ரதி தடுக்கிறாள், அவன் போகிறான், மலர்க்கணை விடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது. மன்மதனின் சக்திக்கு எல்லையே கிடையாது, முற்றத் துறந்தவரையும் அது அசைத்துவிடும். அவன் அம்பு தோற்பதுமில்லை, சிவன் கண் திறந்ததே அம்பு பட்டதால்தான். வென்றவன் எரிகிறான். பிறகு ரதியின் அழுகைக்கு இரங்கி உயிர் திரும்புகிறது, உடல் திரும்புவதில்லை. அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவான். சக்தியைக் குறைக்காமல், அதைப் பயன்படுத்தியதற்கான விலையை மட்டும் ஏற்றிவிடும் இந்த வழியைப் புள்ளிப்பட்டியல் எழுதுகிறவர்கள் கண்டுபிடிக்கவே இல்லை.

கூத்தில் முடிவு மாறாது என்ற தடை வரலாம். சரிதான். எந்தத் தோட்டத்திலும் மன்மதன் தப்பியதில்லை. ஆனால் முடிவு மாறாத கதைக்குள்ளும் வழக்கு மிச்சமிருக்கிறது. தஞ்சைப் பக்கத்து லாவணிப் பாட்டில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, மன்மதன் உண்மையில் எரிந்தானா இல்லையா என்று விடியவிடிய வாதாடுவார்கள். மேசையில் விதிப்புத்தகத்தைப் புரட்டிச் சண்டை போடும் இளைஞர்கள் தங்களைப் புதியவர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வேடத்துக்கு வெளியேயும் விதி தொடர்கிறது. ஆடுகிறவர்கள் விரதம் இருக்க வேண்டும். வீரபத்திரன், காளி போன்ற உக்கிர வேடங்களில் அருள் வந்துவிட்டால் சுற்றி நிற்பவர்கள் பிடித்து, திருநீறு போட்டுத் தணிப்பார்கள். பாத்திரம் ஆளை விழுங்கிவிடாமல் ஊர் நிற்கிறது. அருச்சுனன் தபசுக் கூத்தில் கம்பத்தின் உச்சிவரை உண்மையிலேயே ஏற வேண்டும். பாசுபதம் வாங்குகிறவன் கால் வழுக்கினால் விழுவது நடிப்பாக இருக்காது. அப்படி வாங்கிய படைக்கலத்தையும், எளியவர் மேல் விட்டால் உலகமே எரிந்துபோகும் என்ற எச்சரிக்கையோடுதான் சிவன் தருகிறார்.

இதுவரை பார்த்தவற்றில் உத்தரவு, எல்லை, கடன், விலை என்று பல கருவிகள் கிடைக்கின்றன. ஊவாவை உலகமாக வைத்து ஒருவர் ஆட்டம் எழுதப் புகுந்தால் இவற்றைவிடக் கடினமான சோதனை ஒன்று காத்திருக்கிறது. முனியாண்டிக்கு இவ்வளவு சக்தி இருந்தால், இந்த வரலாறு எப்படி நடந்தது? 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது, அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. எந்த முனியும் அதைத் தடுக்கவில்லை. பதுளைக்குப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் கதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், தோட்டத்தில் அன்றாடம் மனிதரை ஆட்டிவைக்கும் சக்தி எங்கே இருந்தது என்று. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் விழுமா விழாதா என்று தீர்மானிப்பவர் கணக்கப்பிள்ளை, அவருக்கு மேலே துரை. ஒரே மந்திரத்தில் துரையை மண்டியிடவைக்கும் கோடாங்கியை ஆட்டத்தில் நுழைத்தால் மேசையில் கைதட்டல் கிடைக்கும், ஆனால் அது தோட்டமாக இராது.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த மலைகளிலும் காவல் தெய்வங்கள் இருந்தன. சனங்கள் அதன்பிறகு சாமி கும்பிடுவதை நிறுத்திவிடவில்லை. காவல் எதை எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதற்கு அவர்களிடம் விளக்கங்கள் உண்டு: நேர்த்தி தவறியது, எல்லை மாறியது, சாமி கோபம், அல்லது அது சாமி வேலையே இல்லை, மலை சரியும் என்று தெரிந்தும் இடம் மாற்றாதவர்கள் வேலை. இந்த விளக்கங்கள்தான் ஐதீகம். விதி இவற்றுக்கு இடம் விட்டு எழுதப்பட வேண்டும்.

ஆகவே கணக்கும் ஐதீகமும் செய்வது ஒரே வேலை என்ற எண்ணத்திலேயே கோளாறு இருக்கிறது. கணக்கு ஆடுகிறவர்களுக்குள் நியாயம் செய்கிறது, எல்லோருக்கும் மேசையில் செய்ய ஏதாவது இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. அதைக் குறைவாக எடைபோடக் கூடாது. ஐதீகம் மட்டுமே போதும் என்றால், ஆட்டத்தை நடத்துபவர் வாய்தான் சட்டம் என்றாகி, மேசை இன்னொரு பெரட்டுக்களமாகும். ஐதீகம் நியாயம் செய்வது சக்திக்கும் உலகத்துக்கும் இடையில். இரண்டும் மோதும்போது எண்ணை மாற்றலாம், எண் நேற்று வந்தது. ரோதைமுனியை மலையெல்லாம் அலையவிட்டுச் சமன் தேடினால், இயந்திரத்துக்கு முன்னால் கும்பிட்டவர்களின் வரலாறு அழிந்துபோகும்.

கும்பிடுகிற சாமியை விளையாட்டில் வைக்கலாமா என்ற கேள்வி மிச்சம். என் கட்சி, கூத்தில் வைத்தவர்கள்தானே நாம் என்பது. கூத்து வைக்கிறவர் விரதம் இருக்கிறார், ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை மறக்காமல் இருந்தால் சரி. வெளியார் எழுதியதற்கும் உள்ளார் எழுதுவதற்கும் வித்தியாசம் தெரிகிறது. 2022இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளியிட்ட ‘ஜேர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்’ தொகுப்பில் வங்காளத்தின் சாயல் கொண்ட நாடொன்றை மிமி மொண்டல் எழுதினார். 1980இன் எண் பட்டியலோடு வைத்துப் பார்த்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று புரியும்.

மலையகத்துக்கு அப்படியொன்றை எழுத வேண்டியவர்கள் பசறையிலும் ஹாலிஎலவிலும் பண்டாரவளையிலும் வளர்ந்து, போனில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்தான். இருபது பக்கப் பகடை வாங்குவதற்கு முன்னால் உங்கள் தோட்டத்துக் கூத்து வாத்தியாரிடமும் கோடாங்கியிடமும் போய் உட்காருங்கள். எந்தச் சாமிக்கு எது எல்லை, எதற்கு என்ன கடன், எப்போது அது வராது என்று கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். விதிப்புத்தகத்தைப் பிறகு எழுதலாம். அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது.